கல்லில் வைத்த ரிஸ்க்: கள்ளிமுளையானும் நம் கைகளும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஜும்ஆ பயானில் அரை மணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பயான் முடிந்ததும் மூன்று பேர் வந்து, "ஹஜ்ரத், அந்தச் செடி பேரை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டார்கள். எதற்குக் கேட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு செடியைப் பிடுங்காதீர்கள் என்று பேசியவனிடம், பிடுங்குவதற்காகவே பெயரைக் கேட்பது போல இருந்தது. அதனால்தான் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தயவு செய்து கடைசி வரை படியுங்கள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

செடியின் பெயர் கள்ளிமுளையான். கல்லில் முளைப்பதால் கல்முளையான் என்று சொல்பவர்களும் உண்டு. நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கரடுகளில் ஏறி இறங்கியவர்கள் பார்த்திருப்பார்கள். பாறை இடுக்கில் ஒரு பிடி மண் இருந்தால் போதும், அங்கே கொத்தாகப் படர்ந்து கிடக்கும். விரல் கனத்தில் பச்சைத் தண்டு, நான்கு பட்டை, இலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு தண்டின் நுனியில் சின்னஞ்சிறு பூ வரும். கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த பூ. குனிந்து கண்ணை அருகில் கொண்டு போனால்தான் தெரியும். அதன் வாசனை நமக்குப் பிடிக்காது, ஈக்களுக்குப் பிடிக்கும். மகரந்தம் சுமப்பது அந்த ஈக்கள்தான். நாம் கையை வீசி விரட்டுகிற ஈயை அல்லாஹ் அந்தப் பூவுக்கு வேலைக்காரனாக வைத்திருக்கிறான்.

பெயரில் கள்ளி இருந்தாலும் இது பால் வடியும் கள்ளி இல்லை. எருக்கஞ்செடியின் குடும்பம். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறக்குமே, அதே போல இதன் காயும் இரட்டைக் கொம்பாக நீண்டு, வெடித்து, பட்டு மயிர் கட்டிய விதையைக் காற்றில் விடும். உடைத்தால் தெளிந்த சாறு வரும். பால் வந்தால் அது வேறு செடி, அதை வாயில் வைக்காதீர்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1795-ல் ராக்ஸ்பர்க் என்ற வெள்ளைக்கார மருத்துவர், சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தன் நூலில் இதை எழுதி வைத்தார். தெலுங்கு மக்கள் சொன்ன 'கார் அல்லம்' என்ற பெயரையும் குறித்தார். பின்னால் ராபர்ட் பிரவுன் என்பவர் அந்தப் பெயரையே எடுத்து இந்த இனத்துக்கு 'கரலுமா' என்று வைத்தார். ஆடு மேய்த்தவன் வாயில் இருந்த சொல், இன்று உலகத்துக் கிதாபுகளில் எல்லாம் இருக்கிறது. யமன், ஓமன் மலைகளிலும் இதன் உறவுச் செடிகள் பாறைகளில் வளர்கின்றன. அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் யாராவது அங்கே பார்த்திருக்கலாம்.

கண்ணியமானவர்களே! சித்திரை வெயிலில் கரட்டுப் பாறையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஒரு நொடி தாங்காது. அந்தப் பாறை மேல் இது உயிரோடு இருக்கிறது. எப்படி? மற்றச் செடிகள் பகலில் இலையின் நுண்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்கும். திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகப் போய்விடும். இந்த வகைச் செடிகளுக்கு அல்லாஹ் வேறு நேரம் கொடுத்திருக்கிறான். பகல் முழுக்க துளைகளை மூடிக்கொண்டு கிடக்கும். இரவு வந்து பாறை குளிர்ந்த பிறகு திறக்கும். கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றித் தண்டுக்குள் சேர்த்து வைக்கும். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சூரிய வெளிச்சத்தில் அதைக் கொண்டு தன் உணவைத் தயாரிக்கும். தேவையானதையெல்லாம் இரவிலேயே கேட்டு வாங்கிவிடுகிறது. நாம் அந்த நேரத்தில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். நான் உட்படத்தான் சொல்கிறேன்.

பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு தன் மீதே என்று ஹூத் சூராவின் 6-வது வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். இந்த ஆயத்துக்கு விளக்கமாக ஒரு கதை பயான்களில் வரும். மூஸா அலைஹிஸ்ஸலாம் பாறையை அடிக்க, அதற்குள் பாறை, அதற்குள்ளும் பாறை, கடைசியில் வாயில் பச்சிலையோடு ஒரு சிறு புழு என்று. சில தஃப்ஸீர்களில் இருக்கிறது, எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் உறுதியான ஸனது இல்லாததால் அதை நான் ஆதாரமாக வைக்க மாட்டேன். வைக்கவும் தேவையில்லை. நம் ஊர்க் கரட்டில் கண்ணுக்கு முன்னாலேயே பாறை மேல் பச்சை இருக்கிறது. பகரா சூராவின் 74-வது வசனத்தில், இறுகிப்போன உள்ளங்களைப் பாறையோடு ஒப்பிட்ட அல்லாஹ், உடனே பாறைக்காகப் பேசுகிறான். பாறைகளில் ஆறு பீறிடுபவை உண்டு, பிளந்து நீர் கசிபவை உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுபவையும் உண்டு என்று கருத்துத் தருகிறான்.

சரி, இந்தச் செடிக்கும் நமக்கும் என்ன? இதுதான் விஷயம்.

கள்ளிமுளையான் பசியை அடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் காலையில் கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் வீடு. நடுவில் கரட்டில் பசித்தால் இரண்டு தண்டைக் கிள்ளி, தோலைச் சீவி, மென்றுவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். லேசான புளிப்பும் கசப்பும் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போனால் புளி, மிளகாய் வைத்துத் துவையல் அரைப்பார்கள். பஞ்ச காலத்தில் உயிர் காத்த செடிகளின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அரித்த பஞ்சம். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலத்துக்குள் இருந்தன. 1871-ல் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 19 அரை லட்சமாக இருந்த சேலம் மாவட்டத்து மக்கள், 1881 கணக்கில் சுமார் 16 லட்சமாக இருந்தார்கள். பத்தே ஆண்டில் இவ்வளவு குறைவு. அந்தக் காலத்தில் இந்தக் கரடுகளில் எத்தனை கைகள் இந்தத் தண்டைத் தேடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காட்டிலையைத் தின்று உயிர் காத்தது நம் தீனின் வரலாற்றுக்கும் புதிதில்லை. அபூஉபைதா (ரலி) அவர்கள் தலைமையில் 300 ஸஹாபாக்களை நாயகம் (ஸல்) அவர்கள் கடற்கரைப் பக்கம் அனுப்பினார்கள். உணவு தீர்ந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரீச்சம்பழம். குழந்தை சூப்புவது போல அதைச் சூப்பித் தண்ணீர் குடித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். அதுவும் தீர்ந்தபோது, தடியால் மரத்தை அடித்து இலையை உதிர்த்து, தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அடித்து உதிர்த்த இலைக்கு அரபியில் கபத் என்று பெயர். அந்தப் படைக்கே ஜைஷுல் கபத், இலைப் படை என்று பெயர் வந்துவிட்டது. பிறகு அல்லாஹ் கடலிலிருந்து ஒரு பெரிய திமிங்கலத்தைக் கரை ஒதுக்கிக் கொடுத்ததும், நாள்கணக்கில் அவர்கள் அதை உண்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பயானில் திமிங்கலத்தை எல்லோரும் சொல்வோம். இலையை யாரும் அதிகம் சொல்வதில்லை. திமிங்கலம் வரும் வரை அந்த 300 பேரின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த இலைதான். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களும், எங்களுக்கு முள்மரத்து இலையைத் தவிர வேறு உணவே இல்லாத போர்ப் பயணங்கள் இருந்தன என்று நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மிம்பரில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். இமாம் வேலையில் எடை குறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு வலீமா. 'ஹஜ்ரத்துக்கு இன்னொரு துண்டு வைங்க' என்று அன்போடு சஹனில் தள்ளுவார்கள். வேண்டாம் என்றால் மனசு வருத்தப்படுவார்கள் என்று நானே எனக்கு ஃபத்வா கொடுத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் நம் மஹல்லாவில் லாரி ஓட்டும் ஒரு சகோதரர், "கள்ளிமுளையான் தின்னா பசியே எடுக்காது, எடை தானா குறையும், யூடியூப்ல போட்டிருக்காங்க" என்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு இரண்டு பைக்கில் நான்கு பேர் ஒரு கரட்டுக்குப் போனோம்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இடத்தைக் காட்டினார். ஒரு பெரிய பாறையின் சரிவு முழுக்கப் பாய் விரித்தது போலக் கிடந்தது. எவ்வளவு எடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் வந்ததற்கு என்று ஓர் உரச்சாக்கு நிறையப் பிடுங்கினோம். வேரோடு வந்தது, வந்த வரைக்கும் லாபம் என்று நினைத்தோம். ஆயா ஏதோ சொன்னார். காதில் விழுந்தது, வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் ஒரு வாரம் துவையல் அரைத்தார்கள். எட்டாம் நாள் எனக்கும் சலித்துவிட்டது, அரைத்தவர்களுக்கும் சலித்துவிட்டது. பாதிச் சாக்குக்கு மேல் அழுகிப்போய்க் கொட்டினோம். எடை? அல்லாஹ் அறிவான், அந்த மாதமும் மூன்று வலீமா இருந்தது.

மறு வருடம் மழை முடிந்ததும், மக்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ்வின் படைப்பைக் காட்டலாம் என்று அதே கரட்டுக்குக் கூட்டிப்போனேன். பாறை வெறுமையாக இருந்தது. இடுக்கில் இருந்த ஒரு பிடி மண்ணும் மழையில் அடித்துப் போய்விட்டது. வேர் பிடித்து வைத்திருந்த மண் அது, வேர் போனதும் அதுவும் போய்விட்டது. பிள்ளைகள், "எங்க ஹஜ்ரத் அந்தச் செடி?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

ஆயா இருந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க பாய், அன்னைக்கே சொன்னனுங்களே, நுனியக் கிள்ளுனா மறுக்கா வரும், வேரப் புடுங்குனா வராதுன்னு" என்றார். கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "நாங்க வகுறு காஞ்சப்ப இதத் தின்னோமுங்க. நீங்க வகுறு ரொம்புனதுக்குத் திங்கறீங்க."

ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதினேன். இஸ்ராஃப் என்றால் என்ன என்பதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை.

மனிதன் நிரப்புகிற பாத்திரங்களிலேயே வயிற்றை விடக் கெட்ட பாத்திரம் இல்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. முதுகை நிமிர்த்தும் அளவுக்குச் சில கவளம் போதும், முடியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று வழி காட்டினார்கள். இந்த ஹதீஸை நான் எத்தனை தடவை பயான் செய்திருப்பேன்! மூச்சுக்கான பங்கிலும் பிரியாணியை வைத்துவிட்டு, அதைக் கரைக்க ஏழைகளின் பசிச் செடியைச் சாக்குக் கணக்கில் பிடுங்கியிருக்கிறேன்.

இன்று இதன் சாறு மாத்திரையாக வெளிநாட்டிலெல்லாம் விற்கிறது. மருந்தாக இதில் உண்மை இருக்கிறதா என்று கேட்பீர்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். 50 பேர், 60 நாள், தினம் ஒரு கிராம் சாறு. சாறு எடுத்தவர்களுக்குப் பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, ஆட்டுக்காரர்கள் சொன்னது சரி, பசி அடங்கும். யூடியூப்காரர் சொன்னதற்கு அவ்வளவு ஆதாரம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரையை, இன்சுலினை நிறுத்திவிட்டு இந்த மாதிரிச் செடிகளை நம்பிப் போகாதீர்கள். நம் மஹல்லாவிலேயே அப்படி நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு அலைகிறவர் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, படித்தால் அவருக்குத் தெரியும். துஆ செய்யுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள். வைத்தியம் தெரியாதவன் வைத்தியம் பார்த்து ஏதாவது ஆனால் அவனே பொறுப்பாளி என்ற ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மருந்துக் குறிப்பை ஃபார்வர்ட் செய்யும் விரல்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது மார்க்கச் சட்டம். சிலர் கேட்டார்கள், "ஹஜ்ரத், காட்டில் தானாக முளைத்தது, யாரும் விதைக்கவில்லை, யாருக்கும் சொந்தமில்லை. முபாஹ் தானே? எடுத்தவனுக்குத்தானே சொந்தம்?" நல்ல கேள்வி. தண்ணீர், தானாக வளரும் புல் பூண்டு, நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் எல்லோரும் கூட்டாளிகள் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஒருவனுடைய பட்டா நிலத்தில் புல் தானாக முளைத்தாலும் அந்தப் புல் அவன் உடைமை ஆகாது, நிலத்துக்குள் நுழைவதைத் தடுக்க மட்டும் அவனுக்கு உரிமை உண்டு என்று நம் ஹனஃபி ஃபிக்ஹ் கிதாபுகள் பேசுகின்றன. அவ்வளவு தூரம் அதைப் பொதுவாக வைத்திருக்கிறது ஷரீஅத்.

ஆனால் கூட்டாளி என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு லாரி வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று ஒரு நாள் இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்டால் உங்கள் பார்ட்னர் சும்மா இருப்பாரா? கூட்டுச் சொத்தில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அழிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நுனியைக் கிள்ளுவது உரிமை. வேரைப் பிடுங்கியது, அடுத்த வருடம் அங்கே வரப்போகிற ஆயாவின் பங்கை நான் எடுத்தது.

இன்னும் ஒன்று. அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவர்கள் ஒரு மேட்டில் ஏறி நாயைக் குரைக்க விடுவார்களாம். குரைப்புச் சத்தம் எட்டும் தூரம் வரை உள்ள மேய்ச்சல் எல்லாம் தலைவருக்கு மட்டும். இதற்கு ஹிமா என்று பெயர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதை எடுத்துச் சொல்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இந்த வழக்கத்தை ஒழித்தார்கள். தனி மனிதருக்காக யாரும் புல்வெளியை அடைக்கக் கூடாது, பொது நன்மைக்காக மட்டும் பாதுகாக்கலாம் என்று மாற்றினார்கள். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற இடத்தை அப்படிப் பாதுகாப்பாக வைத்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் காலத்தில் அந்த மாதிரி ஒரு ஹிமாவுக்கு ஹுனை என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அப்போது சொன்ன உபதேசம் புகாரியில் இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குப் பயந்துகொள் என்றார்கள். கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு, அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே என்றார்கள். யார் பெயரைச் சொன்னார்கள் பாருங்கள்! சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற இரண்டு ஸஹாபிகள். காரணமும் சொன்னார்கள். அந்தப் பணக்காரர்களின் கால்நடை செத்தால் அவர்களுக்குத் தோட்டமும் விவசாயமும் இருக்கிறது. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வருவான். பிறகு நான் பொன்னும் வெள்ளியும் கொடுக்க வேண்டும். அதை விடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு எளிது என்ற கருத்தில் பேசினார்கள்.

அந்தக் கரட்டில் ஹுனை நின்றிருந்தால் ஆயாவை உள்ளே விட்டிருப்பார். இரண்டு பைக்கில் வந்த எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

நம் ஊரிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. காப்புக்காடு என்று அறிவித்த இடத்தில் அனுமதி இல்லாமல் செடி எடுப்பது குற்றம். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் மக்களுக்குச் சிறு வன மகசூல் எடுக்கும் உரிமையைக் கொடுக்கிறது. டூர் போகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை. பொது நன்மைக்காக ஆட்சி போட்ட தடைக்குக் கட்டுப்படுவது மார்க்கத்திலும் கடமைதான். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற நம் வாலிபர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே முடவாட்டுக்கால் என்று விற்பார்கள், சூப் போட்டுக் கொடுப்பார்கள். பார்க்க ஆட்டுக்கால் மாதிரி மயிரோடு இருக்கும். கிழங்கு என்று சொன்னாலும் அது பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. அதுவும் பாறையிலிருந்து பெயர்த்து எடுப்பதுதான். மலை மக்கள் விற்றால் ஒரு சூப் வாங்கிக் குடியுங்கள், அவர்களுக்கு வருமானம். மூட்டை கட்டிக் கொண்டுவந்து மஹல்லா முழுக்க விநியோகிக்காதீர்கள்.

"ஹஜ்ரத், கல்குவாரிக்காரன் கரட்டையே வெடி வைத்துத் தூக்குகிறான். நாலு செடிக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயம்தான். முழுக் கரடே காணாமல் போன இடங்களை நாமக்கல் ரோட்டிலும் சங்ககிரி ரோட்டிலும் நானும் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களே கிரஷரில் வேலை செய்கிறார்கள், ஜல்லி லாரி ஓட்டுகிறார்கள். நம் பள்ளிவாசல் மாடி கட்டியதும் அந்த ஜல்லியில்தான். அதனால் அதைப் பற்றி மிம்பரில் நின்று வீரமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. உரிமம் இல்லாமல் தோண்டுவது, எல்லை தாண்டித் தோண்டுவது, லைசென்ஸுக்கு மேல் பாரம் ஏற்றுவது ஆகியவை கூடாது என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் மறுமையில் குவாரிக்காரனின் கணக்கை என்னிடம் கேட்க மாட்டார்கள். என் சாக்கைத்தான் கேட்பார்கள்.

பாலைவெளியில் நின்று வழிப்போக்கருக்கும் கால்நடைக்கும் நிழல் தரும் இலந்தை மரத்தை அநியாயமாக வெட்டியவனுக்குக் கடும் எச்சரிக்கை சொல்லும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் உண்டு. இதற்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். யார் தோட்டத்து மரமும் அல்ல, யாரும் நட்டதும் அல்ல, ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாம் பயன்படுத்துவது. அதை விளையாட்டாக வெட்டியவனைப் பற்றியது அந்த எச்சரிக்கை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பாறைதான் நினைவுக்கு வருகிறது.

தவ்பாவுக்கு நிபந்தனைகள் உங்களுக்குத் தெரியும். செய்ததற்கு வருந்த வேண்டும், விட்டுவிட வேண்டும், மறுபடி செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். அடியார் உரிமை கலந்திருந்தால் உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் மூன்றையும் வீட்டில் முஸல்லாவில் உட்கார்ந்தே செய்துவிடலாம். நான்காவதுக்காக நான் மறுபடி கரட்டுக்குப் போனேன். ஆயா முஸ்லிமல்ல, அதனால் என்ன, ஹக்கு ஹக்குதான். "ஆயா, அன்னைக்கு நாங்க பண்ணுனது தப்பு, பொறுத்துக்குங்க" என்றேன். அவர் சிரித்தார். "செடி என்ன எம்பட செடிங்களா?" என்று கேட்டார். பிறகு கரட்டின் மறுபக்கம் கூட்டிப்போய், புதருக்கடியில் இருந்த ஒரு கொத்தைக் காட்டி, நான்கைந்து தண்டைக் கிள்ளிக் கையில் கொடுத்தார். கிள்ளிய இடம் காயும் வரை மூன்று நாள் நிழலில் போட்டு வையுங்கள், பச்சையாக நட்டால் அழுகும், மணலும் சரளையும் கலந்த மண்ணில் வையுங்கள், தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொன்றுவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

பள்ளிவாசல் மாடியில் உடைந்த ஒரு சிமெண்ட் தொட்டியில் அவற்றை வைத்து வளர்த்தோம். மோதினார் ஒருநாள் புல் என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தார், நல்லவேளை மக்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். தண்டு பெருகியதும் கிள்ளிக் கிள்ளி 12 துண்டு ஆக்கினோம். போன மழைக்கு முன் பிள்ளைகளோடு போய், பாறை இடுக்குகளில் இரண்டு கை மண் போட்டு அவற்றை நட்டுவிட்டு வந்தோம். ஒரு முஸ்லிம் நட்டதைப் பறவையோ மனிதனோ கால்நடையோ தின்றால் அது அவனுக்கு ஸதகா என்ற ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு பையன், "ஆட்டுக்குட்டி தின்னாலுமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப ஆயாவோட ஆடு தின்னட்டும்" என்றான்.

12-ல் 5 பிடித்திருக்கிறது. இரண்டை ஆடு கடித்திருக்கிறது, ஆனால் அடி இருக்கிறது. மீதி வெயிலில் போய்விட்டன.

வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு மறுபடி போகிறோம், இன்ஷா அல்லாஹ். தொட்டியில் இன்னும் பத்துத் துண்டு தயாராகக் காய்ந்திருக்கிறது. வருகிறவர்கள் ஒரு கைப்பிடிச் சரளை மண்ணும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். சாக்கோடு யாரும் வர வேண்டாம். ஆயாவுக்கு முட்டி வலி இருக்கிறது, கரடு ஏறுவது சிரமமாகிவிட்டது. அவருக்கு ஒரு நல்ல கம்பளியும் ஊன்றுகோலும் வாங்கித் தரலாம் என்று இரண்டு பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள். சேர விரும்புகிறவர்கள் மோதினாரிடம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வயிற்றைக் கொண்டு எங்களைச் சோதித்துவிடாதே. பசித்தவனின் பங்கில் எங்கள் கை நீண்டிருந்தால் மன்னித்துவிடு. நட்டதை நீயே பிடிக்க வை. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.